வெள்ளைக்கல் முக்கு

சைக்கிளை முந்திரி மரத்தில் சாய்த்ததும் சக்கரபாணி செய்த முதல் காரியம், கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டதுதான். நாற்சந்தியின் நட்டநடுவில் ஒரு வண்டிமாடு செத்துக் கிடந்தது. நேற்றுச் சாயங்காலம் அடிபட்டது. இழுத்துப் போட ஆளில்லை. லாரிக்காரர்கள் ஒதுங்கிப் போகக்கூடச் சோம்பல்பட்டு அதன் குடல்மேலேயே ஏற்றி ஏற்றிப் போயிருந்தார்கள். செம்மண் ரோட்டில் பத்தடி நீளத்துக்கு அது தேய்ந்து, காய்ந்து, ஈ மொய்த்துக் கிடந்தது. "சீ, மனுஷங்களா இவங்க?" என்று வாய்விட்டே சொன்னான். கேட்பதற்குக் காக்கைகள்தான் இருந்தன.

அறுபத்திரண்டாம் வருஷம், கார்த்திகை மாதம். நெய்வேலியில் நிலக்கரி வெளியே வரத் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மண்ணும் ஜல்லியும் அடிக்கிற காண்டிராக்ட் லாரிகளுக்கென்று புதிதாக ஒரு ரோடு போட்டிருந்தார்கள். சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து நெல்மூட்டை ஏற்றி வருகிற பழைய மாட்டுவண்டித் தடத்தை அந்த ரோடு குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. நாலு மூலையிலும் முந்திரிக் காடு. வண்டிக்காரனுக்கு லாரி தெரியாது, லாரிக்காரனுக்கு வண்டி தெரியாது. தெரிகிறபோது காலம் கடந்துபோயிருக்கும். இரண்டே மாதத்தில் மூன்று விபத்து. இரண்டு ஆள், நாலு மாடு.

சக்கரபாணி ரோடு காண்டிராக்டர் தெய்வசிகாமணியிடம் ஓவர்சீயர். கும்பகோணத்துக்காரன், அநியாயத்துக்குச் சுத்தக்காரன். டீக்கடை கிளாசைத் தானே கழுவிக்கொண்டுதான் டீ வாங்குவான். அவனைப் பார்த்தாலே கூலியாட்கள் வேண்டுமென்றே மூக்கைச் சிந்துவார்கள்.

அந்த நாற்சந்தி முக்கைப் பார்த்து அவன் பயந்ததற்கு வேறு காரணம் இருந்தது. குவார்ட்டர்ஸ் எல்லாம் பர்மனென்ட் ஆட்களுக்குத்தான். காண்டிராக்ட் ஆட்களுக்கு முக்குக்கு இந்தப் பக்கம் ஓலைக் கொட்டகை. ஆஸ்பத்திரியோ அந்தப் பக்கம், டவுன்ஷிப்புக்குள். அவன் மனைவி கமலாவுக்கு எட்டாம் மாதம். முன்னே இரண்டு கரு தங்காமல் போய் மூன்றாவதாக நின்றது இது. எந்த நேரத்தில் வலி கண்டாலும் அவளை இந்த முக்கைத் தாண்டித்தான் கொண்டுபோக வேண்டும்.

"இன்னொரு விபத்து நடந்தா எனக்குக் காண்டிராக்ட் இல்லைன்னுட்டாங்கய்யா," என்றார் தெய்வசிகாமணி. "ஏதாச்சும் பண்ணு. ஆனா செலவு வைக்காதே. லாரி கேக்காதே, புது ஆள் கேக்காதே."

செலவில்லாமல் எப்படி ஒரு முக்கைச் சரிசெய்வது என்பது சக்கரபாணிக்குத் தெரிந்திருந்தது. அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்லக் கூடாது. நாலு மூலையிலும் முந்திரிக் கிளைகளைக் கழித்து, வருகிற வண்டி தூரத்திலேயே கண்ணில் படும்படி செய்தான். முக்குக்கு முப்பது தப்படி முன்னால் செம்மண்ணும் சரளையும் கொட்டி, லாரி ஒரு குதி குதிக்கிற மாதிரி மேடு எழுப்பினான். மாட்டுவண்டித் தடம் நேராக வந்து ரோட்டில் விழாமல், ஒரு வளைவு வளைந்து ஏறும்படி திருப்பிவிட்டான். எல்லாம் மண்வெட்டி வேலைதான். அதோடு விட்டிருந்தால் புண்ணியவான்.

ஆனால் மழைக்காலம். சுரங்கப் பக்கத்துப் புழுதியும் பனியும் சேர்ந்து கவிந்தால் ரோட்டின் ஓரமே தெரியாது. மூலைக்கு நாலாகப் பதினாறு கல் நட்டு வெள்ளையடித்துவிட்டால் லாரி விளக்கில் பளிச்சென்று தெரியும். சுண்ணாம்பு இருக்கிறது, கல்லுக்கு எங்கே போவது?

கூப்பிடு தூரத்தில் ஒரு ஊர் காலியாகக் கிடந்தது. சுரங்கத்துக்காக எடுத்துக்கொண்ட ஊர். ஜனங்கள் கூரையைக்கூடப் பிரித்துக்கொண்டு போயாயிற்று. ஊர் எல்லையில், வண்டித் தடத்தின் ஓரமாக, இரண்டு கால்கல்லின் மேல் ஒரு பலகைக்கல் நின்றது. தோள் உயரம். நல்ல கருங்கல்.

மேஸ்திரி பெரியண்ணன் உளியைத் தரையில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "ஐயா, இது சுமதாங்கிங்க. இது வோணாங்க."

"ஊரே போச்சு. இனிமே எவன் தலைச்சுமை தூக்கிட்டு வந்து இதுமேல வைக்கப் போறான்?"

"அதுக்கில்லீங்க..."

"கல்லு கல்லுதானே? உடை."

பலகைக்கல்லில் எழுத்து வெட்டியிருந்தது. 'சாமியம்மாள்' என்று ஒரு பெயர் மட்டும் சக்கரபாணி கண்ணில் பட்டது. யாரோ தர்மவதி கட்டி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். பதினேழு துண்டு தேறியது. பதினாறை முக்கில் நட்டு இரண்டு கை சுண்ணாம்பு அடித்தார்கள். மிஞ்சிய ஒன்று தட்டையாக, வழவழப்பாக இருந்தது. கமலா குனிந்து துணி தோய்க்க முடியாமல் திணறுகிறாளே என்று அதை சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுபோய், கொட்டகைக்குப் பின்னால் செங்கல் அடுக்கி அதன்மேல் போட்டுக் கொடுத்தான்.

முக்கு அன்றிலிருந்து அடங்கிப்போயிற்று.

ஒரு விபத்து இல்லை. மாடு முட்டுகிற மாதிரி வருகிற லாரிகள் எல்லாம் முக்கில் வந்து நின்று, பிறகுதான் நகர்ந்தன. தெய்வசிகாமணி பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். "நாலு கல்லு, ஒரு டின் சுண்ணாம்பு. மூளை வேணும்யா!" சக்கரபாணிக்கும் உள்ளூரக் குளிர்ந்தது. இந்த ரோட்டில் இனி கமலாவைக் கொண்டுபோகலாம்.

சுண்ணாம்புதான் காயவில்லை.

மழை ஈரம் என்று முதல் வாரம் விட்டுவிட்டான். இரண்டாம் வாரம் நல்ல வெயில் அடித்தது. அப்போதும் கற்கள் ஈரமாகவே நின்றன. வெள்ளையாக இருந்தது மெல்ல மஞ்சள் பாரித்தது. ஒருநாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பக்கத்தில் குந்திப் பார்த்தான். கல்லிலிருந்து கெட்டியாக ஏதோ கசிந்து, சொட்டுச் சொட்டாகத் திரண்டு, அடியில் ஆடை கட்டியிருந்தது. அதன்மேல் ஈ அப்பியிருந்தது. விரலால் தொட்டான். பிசுபிசுத்தது. சுண்ணாம்பின் காரவாடை இல்லை. விரலை முகர்ந்து பார்த்தான்.

சீம்பால். கன்று போட்ட மாட்டில் முதலில் கறக்கிற பால். அது மூன்று நாள் கெட்டுப்போனால் என்ன நாற்றம் அடிக்குமோ, அந்த நாற்றம்.

முந்திரி மரத்தடியில் போய் வாந்தி எடுத்தான். லாரிக்காரன் எவனோ டிபனை இதில் கொட்டியிருக்கிறான், இந்தப் பயல்கள் கல்லின்மேலேயே ஒன்றுக்கும் போகிறான்கள், ஜென்மங்கள் என்று திட்டிக்கொண்டே கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். விரல்நுனி வாடை மட்டும் போகவில்லை. அன்று ராத்திரிச் சோற்றை இடது கையால் தின்றான்.

மறுநாள் லாரி டிரைவர் ராயப்பனைப் பிடித்தான். வாயைத் திறந்தால் ஊர்க்கதை பேசுகிற ஆள், அன்று சுரத்தில்லாமல் உட்கார்ந்திருந்தான். வலது கையில் மண்ணெண்ணெய் நாற்றம்.

"முக்கில எல்லாரும் நிறுத்தி நிறுத்திப் போறீங்களே, சந்தோஷம்பா," என்றான் சக்கரபாணி.

ராயப்பன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "மேட்டுக்காவத்தான் நிறுத்துறம்னு நெனச்சிக்கினு இருக்கீங்களா, சார்?"

"பின்னே?"

"குறுக்கால ஒரு பொம்பள நிக்கிறா. நெறமாசம். தலையில கூடை. காலையில பனியிலயும் நிக்கிறா, மட்ட மத்தியானத்திலயும் நிக்கிறா. நிறுத்தாம எப்பிடிப் போறது?"

"யாராவது ஊர்க்காரியா இருக்கும்."

"அப்பிடித்தான் நானும் நெனச்சேன். 'அண்ணே, ஒரு கை குடுங்க, எறக்கி வைக்கணும்'னா. தலைச்சுமக்காரி கை கேட்டா, மாட்டேன்னு சொல்லிட்டுப் போவ முடியுமா? எறங்கிப் போய்க் கூடைக்கு அடியில கைய குடுத்தேன்." ராயப்பன் எச்சிலைக் கூட்டித் துப்பினான். "கொளகொளன்னு இருந்திச்சி சார். விரல் உள்ள போயிடுச்சி. சூடா இருந்திச்சி. உள்ள ஏதோ நெளியிற மாதிரி... கூடையிலேருந்து வழிஞ்சி அவ மூஞ்சியெல்லாம் ஒழுவுது, அவ தொடைக்கவே இல்ல. வாயோரம் எறங்கினத நக்கிக்கினு நின்னா. வுட்டுட்டு ஓடியாந்துட்டேன். கைய மண்ணெண்ணெ போட்டுக் கழுவிட்டேன், சாம்பல் போட்டுக் கழுவிட்டேன். மோந்து பாருங்க."

சக்கரபாணி முகர்ந்து பார்க்கவில்லை. தன் கையைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டான்.

அந்த வாரம்தான் சின்னம்மாள் வேலைக்குத் திரும்பினாள். காலியான ஊர்க்காரி. மண் சுமக்கிற ஆள், ஐம்பது வயதிருக்கும். அறுவடைக்கு என்று சேத்தியாத்தோப்புப் பக்கம் போயிருந்தவள், முக்கில் வெள்ளைக் கற்களைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டு நின்றாள். ஒரு கல்லின் முன்னால் உட்கார்ந்து முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஊறியது. அடியில் எழுத்து தெரிந்தது.

"யாருங்க இத ஒடச்சது?"

பெரியண்ணன் மண்ணைப் பார்த்தான். சக்கரபாணிதான் சொன்னான். "நான்தான் உடைக்கச் சொன்னேன். சும்மா கிடந்த சுமைதாங்கி..."

"சும்மாவா?" அவள் எழுந்து நின்றாள். "சாமியம்மா என் தங்கச்சி. வவுத்துல புள்ளையோட செத்துப்போனா. அப்பிடிச் செத்தவளுக்கு அந்தச் சுமை எறங்கவே எறங்காதுங்க. மண்ணுக்குள்ள போனாலும் எறங்காது. அதுக்குத்தான் இந்தக் கல்ல நடறது. போறவன் வர்றவன் அவனவன் சுமைய இதுமேல எறக்கி வைக்க வைக்க, அவளுக்கும் கொஞ்சங் கொஞ்சமா எறங்கும். இது தெரியாதா ஒங்களுக்கு? நீங்க சோறுதான துன்னுறீங்க?"

"எனக்குத் தெரியாதும்மா..."

"தெரியாதுன்னா கேக்கணும். பெரியண்ணன் சொல்லியிருப்பானே! வெள்ளையடிச்சி நட்டு, கண்ட நாயும் மனுஷனும் இதுமேல மோள வுட்டிருக்கீங்க." அவள் அவன் காலடியில் துப்பினாள். ஓவர்சீயர் முன்னால் ஒரு கூலிக்காரி துப்பியும் அங்கே ஒருத்தன் வாய் திறக்கவில்லை. "அவ இப்ப எங்க எறக்கி வைப்பா? சொல்லுங்க, எங்க எறக்கி வைப்பா?"

சக்கரபாணி சைக்கிளை மிதித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினான். பதினேழாவது கல் அவன் வீட்டில்தானே இருக்கிறது.

கமலா கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். காற்றில் வாடை வந்தது. தோய்த்துப் போட்ட வேட்டியில், ரவிக்கையில், அவன் கைக்குட்டையில், எல்லாவற்றிலும் அதே கெட்ட பால் நாற்றம்.

"எத்தனை சோப்பு போட்டாலும் போக மாட்டேங்குதுங்க," என்றாள் கமலா. "நான் மாசமா இருக்கிறதாலதான் இப்படித் தோணுதுன்னு உங்ககிட்டே சொல்லலை."

"கமலா, இங்கே யாராவது வந்தாங்களா?"

"எப்போ? ஓ, அந்தம்மாவா? போன வாரம் வந்தாங்க. பாவம், என்னைவிட நிறைமாசம், தலையில கூடை வேற. தோய்க்கிற கல்லுகிட்டே நின்னு, 'ஒரு கை குடு தாயி, எறக்கி வைக்கணும்'னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"எட்டாம் மாசத்துல கனம் தூக்கக் கூடாதே! அதனால, 'இப்போ என்னால முடியாதும்மா. முதல்ல என் சுமை இறங்கட்டும், பெத்துப் பிழைச்சதும் கட்டாயம் கை கொடுக்கிறேன்'னேன். முகம் மலர்ந்து போச்சு அவங்களுக்கு." கமலா சிரித்தாள். "'மறந்துட மாட்டியே?'ன்னாங்க. 'சத்தியமா'ன்னேன்."

சக்கரபாணி மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

அன்று சாயங்காலமே பதினாறு கல்லையும் பிடுங்கினார்கள். தோய்க்கிற கல்லையும் அவனே சுமந்துபோனான். மார்போடு அணைத்துத் தூக்கியதால் சட்டை முழுக்கப் பிசின் வழிந்தது, உடம்பெல்லாம் கூசியது, ஆனாலும் இறக்கவில்லை. தெய்வசிகாமணி வந்து குதித்தார். "நல்லா இருக்கிற முக்கை ஏன்யா கெடுக்கிறே?" சக்கரபாணி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுமைதாங்கி நின்ற அதே இடத்தில், துண்டு துண்டாகச் சேர்த்து, சிமெண்டு வைத்துப் பெரியண்ணன் ஒட்டினான். கால் இரண்டு, பலகை ஒன்று. சாமியம்மாள் பெயரில் நடு எழுத்தை உளி தின்றிருந்தது.

சின்னம்மாள் சுற்றிவந்து பார்த்தாள். "எத்தினி நாளுங்க காயணும்?"

"ஏழு நாள். அதுக்குள்ளே ஒண்ணும் வைக்கக் கூடாது. ஏழாம் நாள் நீங்களே முதல் சுமையை வைங்க."

"ஒட்டுப்போட்ட கல்லு. பாப்பம்," என்றாள். அவன்மேல் இருந்த கோபம் அவளுக்கு அப்போதும் தணியவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து கமலாவுக்குத் துணையாகக் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டாள்.

ஏழு நாள். கமலாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. காலையும் மாலையும் சக்கரபாணி போய்ச் சிமெண்டைத் தொட்டுப் பார்த்தான். முதல் நாள் ஈரம். இரண்டாம் நாள் ஈரம். மூன்றாம் நாளும் விரலில் ஒட்டியது.

நாலாம் நாள் விடிகிறபோது, ஷிப்ட் சங்கு ஊதுகிற நேரத்தில், கமலாவுக்கு வலி கண்டுவிட்டது.

ராயப்பன் லாரியைக் கொண்டுவந்தான். மார்கழிப் பனி. முன்சீட்டில் கமலா, அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சின்னம்மாள். சக்கரபாணி படியில் தொற்றிக்கொண்டு நின்றான். லாரி மேட்டில் ஏறி ஒரு குதி குதித்தது. கமலா அலறினாள். முக்கு வந்தது.

ராயப்பன் கால் தானாகவே பிரேக்குக்குப் போயிற்று.

பனிக்குள் கண்ணைக் கிழித்துக்கொண்டு பார்த்தார்கள்.

யாரும் இல்லை.

ரோடு வெறிச்சென்று கிடந்தது. கல் பிடுங்கிய குழிகளில் தண்ணீர் தேங்கியிருந்தது. தூரத்தில் சுமைதாங்கி நிழலாகத் தெரிந்தது, அதன்மேலும் ஒன்றும் இல்லை. நாற்றம்கூட இல்லை. வெறும் பனி வாசனை.

"இன்னிக்கிக் காணம் சார்!" என்றான் ராயப்பன். அவன் குரல் சந்தோஷத்தில் உடைந்தது. "போயிட்டா! கல்லு நட்டதும் போயிட்டா!"

சக்கரபாணிக்கும் கண்ணீர் வந்துவிட்டது. சின்னம்மாள் மட்டும் திரும்பித் திரும்பி அந்த வெறும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆண் குழந்தை. நல்ல அழுகை. நர்ஸ் வெளியே வந்து சொன்னபோது சக்கரபாணி, காலில் விழாத குறையாகக் கும்பிட்டான். சின்னம்மாள்கூட முதல்தடவையாகச் சிரித்தாள்.

"இருங்க, சுத்தம் பண்ணிட்டுக் கூப்பிடறேன்," என்றாள் நர்ஸ். கொஞ்ச நேரம் கழித்துச் சிடுசிடுப்போடு திரும்ப வந்தாள். "யாருங்க அது, கூடையோட வார்டுக்குள்ளே போனது? நான் வெந்நீர் எடுத்துட்டு வர்றதுக்குள்ளே நுழைஞ்சு, தரையெல்லாம் சுண்ணாம்புத் தண்ணி மாதிரி சிந்தி வெச்சிருக்காங்க. உங்க ஆளா?"

சக்கரபாணி ஓடினான்.

வாசற்படியிலிருந்து கட்டில்வரை வெள்ளைத் துளிகள் கோடு போட்டிருந்தன. தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, அதற்கு ஒன்றும் இல்லை. கமலா வெளுத்த முகத்தோடு, ஆனால் நிம்மதியாகப் படுத்திருந்தாள். போர்வை கழுத்துவரை போர்த்தியிருந்தது. அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"வந்தாங்க," என்றாள் மெல்ல. "சொன்ன மாதிரியே கை கொடுத்துட்டேங்க. எவ்வளவு நாளா சுமந்தாங்களோ, அழுதுட்டாங்க. 'அப்பாடி, எறங்கிடுச்சி'ன்னு சொல்லிட்டு வெறுங்கையை வீசிட்டுப் போனாங்க."

"கூடை எங்கே, கமலா?" குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தான். ஒன்றும் இல்லை. "எங்கே இறக்கி வெச்சே?"

"கீழே வைக்கக் கூடாதாம். கல்லும் இன்னும் காயலையாம். இடம் எங்கேன்னு கேட்டாங்க." கமலாவுக்குக் கண் சொக்கியது. "நான்தான், என் சுமைதான் இறங்கிடுச்சே, இங்கேயே வைங்கன்னேன்..."

அப்போதுதான் அவன் போர்வையைக் கவனித்தான்.

கமலாவின் வயிறு, நேற்று இருந்த அதே உயரத்தில் இருந்தது.

கதவருகே நின்ற சின்னம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். சக்கரபாணி கையை நீட்டிப் போர்வையின்மேல் வைத்தான். துணி நனைந்திருந்தது. பிசுபிசுவென்று, வெதுவெதுப்பாக, விரல் இடுக்கில் மஞ்சளாக ஊறி வந்தது. கெட்ட சீம்பாலின் நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. கையை எடுத்துவிட வேண்டும் என்று அவன் நினைத்தான்.

எடுப்பதற்குள், உள்ளேயிருந்து ஒன்று அவன் உள்ளங்கையை மெல்ல முட்டியது.